சபர்பனுக்கு டோயிங் மிரர் மாட்டுவது எப்படி

என் வண்டி 2011-ஆம் வருட ஷெவர்லே சபர்பன் என்ற பெரிய எஸ்யூவி. கண்ணாடிகளைச் சேர்க்காமல் அதன் அகலம் 2.01 மீட்டர். நான் இழுக்கும் டிரெய்லரின் அகலம் எட்டு அடி, அதாவது 2.44 மீட்டர். கழித்து இரண்டால் வகுத்தால், டிரெய்லர் ஒவ்வொரு பக்கமும் 21 சென்டிமீட்டருக்கு மேல் வண்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரு சாண். அந்த ஒரு சாண் போதும், பின்னால் வருகிற சாலையை மறைத்துவிட. அதைத் தாண்டிப் பார்ப்பதற்காக வெளியே நீட்டி வைக்கும் பக்கக் கண்ணாடிதான் டோயிங் மிரர்.

முதல் தடவை டிரெய்லரோடு நெடுஞ்சாலைக்குப் போனபோது வலப்பக்க லேனுக்கு மாறுவதற்காக சிக்னல் போட்டேன். கண்ணாடியில் டிரெய்லரின் வெள்ளைச் சுவர் தெரிந்தது, அதற்கப்பால் ஒரு கீற்றளவு சாலை தெரிந்தது. யாரும் இல்லை என்று நினைத்து ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினேன். உடனே ஹார்ன் சத்தம். டிரெய்லரின் சக்கரத்தை ஒட்டி ஒரு சின்னக் கார் வந்துகொண்டிருந்திருக்கிறது. அது என்னைக் கடந்து போகும்போதுதான் பின்சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை லேன் மாறவே இல்லை.

அதற்கு அடுத்த பயணத்துக்கு, இருக்கும் கண்ணாடியின் மேல் பட்டையால் இறுக்கிக் கட்டும் ஒட்டுக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு முறை வாடகை டிரெய்லரை இழுப்பவர்களுக்கு அது போதும். ஆனால் வேகம் கூடக்கூட அது நடுங்கும். பின்னால் வருவது லாரியா காரா என்றே தெரியாத அளவுக்குப் பிம்பம் கலங்கும். பட்டை உராய்ந்து பெயிண்டிலும் கோடு விழுந்தது. அடிக்கடி இழுப்பவர்கள் கதவில் இருக்கும் கண்ணாடியையே கழற்றிவிட்டு, வெளியே இழுத்து நீட்டக்கூடிய டோயிங் மிரரை மாட்டுவதுதான் சரி.

வாங்குவதற்கு முன்னால்

2007 முதல் 2014 வரை வந்த சபர்பன், டாஹோ வண்டிகளும், 2007 முதல் 2013 வரை வந்த சில்வராடோ பிக்கப்பும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. அதனால் பிக்கப்புக்கென்று செய்த டோயிங் மிரர் இந்த எஸ்யூவிகளின் கதவிலும் உட்காரும். உங்கள் வண்டி வேறு என்றாலும் இதே வழியில் தேடுங்கள். உங்கள் எஸ்யூவிக்கு உடன்பிறப்பாக ஒரு பிக்கப் இருக்கிறதா, இரண்டுக்கும் முன்கதவு ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால், வெளியில் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் உள்ளே துளைகள் இடம் மாறி நிற்கும்.

அடுத்தது வயர். இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள், நானும் விட்டேன். படத்தில் பார்க்க ஒன்றுபோலவே இருந்த ஒரு ஜோடியை வாங்கினேன். வந்து சேர்ந்ததில் வலப்பக்கக் கண்ணாடிக்குள் சூடேற்றும் கம்பியே இல்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்க மூன்று வாரம் போனது. ஆகவே, முதலில் உங்கள் பழைய கண்ணாடி என்னென்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள். மோட்டாரால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைகிறதா? பனியும் ஈரமும் போகச் சூடேறுகிறதா? பொத்தானை அழுத்தினால் மடங்குகிறதா? அதில் சிக்னல் விளக்கு இருக்கிறதா? கதவுக்குக் கீழே தரையில் வெளிச்சம் போடும் விளக்கு? இரவில் பின்வண்டியின் வெளிச்சம் பட்டால் தானே மங்குகிறதா? இருக்கையோடு சேர்ந்து கண்ணாடியின் கோணத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தனி வயர் உண்டு. புதியதில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

என் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தானே மங்கும். டோயிங் மிரரில் அந்த வசதி இல்லை. அதை விட்டுக்கொடுத்தேன். சூடேற்றுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மழையிலும் குளிரிலும் டிரெய்லர் இழுக்கும்போது கண்ணாடி மங்கினால், எவ்வளவு பெரிய கண்ணாடியாக இருந்தும் பயன் இல்லை. கண்ணாடியிலேயே பக்கவாட்டு வண்டியைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு உங்கள் வண்டியில் இருந்தால், அதை இழக்க மனம் ஒப்புகிறதா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல டோயிங் மிரரில் இரண்டு கண்ணாடிகள் இருக்கும். மேலே பெரியது, கீழே சின்னதாக ஒரு குவி ஆடி. அமெரிக்க விதிப்படி கார், எஸ்யூவியின் ஓட்டுநர் பக்க முதன்மைக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும். பயணி பக்கம் குவி ஆடி இருக்கலாம், அதன் வளைவு ஆரம் 889 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1,651 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும், ‘தெரிவதைவிட அருகில் இருக்கின்றன’ என்ற எச்சரிக்கையும் அதில் பொறித்திருக்க வேண்டும். ஆரம் குறையக் குறையப் பார்வை விரியும், ஆனால் வண்டிகள் சின்னதாகி, தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அதனால் மேல் கண்ணாடி முழுவதும் வளைந்திருக்கும் வகையை ஓட்டுநர் பக்கத்துக்கு வாங்க வேண்டாம். பின்னால் வருபவரின் தூரத்தையும் வேகத்தையும் கணிக்க சமதளக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கதவைத் திறப்பது

கருவிகள் அதிகம் தேவையில்லை. 7, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், ராட்செட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், நெம்புவதற்கு பிளாஸ்டிக் பட்டை, மாஸ்கிங் டேப், ஒரு பழைய துணி, நுனியில் காந்தம் வைத்த குச்சி. திருகுகளைப் போட்டு வைக்க இரண்டு கிண்ணம். ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். குளிர்காலமாக இருந்தால் வண்டியை வெயிலில் நிறுத்தியோ, ஹீட்டரைப் போட்டோ கதவைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கிளிப்புகள் விரல் பட்டதும் உடையும். எப்படியும் ஒன்றிரண்டு உடையும் என்பதால் மாற்று கிளிப்புகளை முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றை முழுவதும் முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்ற குழப்பம் வந்தால், பிரிக்காத கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் ஜன்னலை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி சில நிமிடம் காத்திருங்கள். பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் பல வண்டிகளில் கதவுக்குள்தான் இருக்கிறது. கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து அப்படியே நிற்கக்கூடும். சென்சாரையும் அதன் வயரையும் தொடாமல் வேலை செய்யுங்கள்.

கதவின் உள்பக்கம், கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு முக்கோண மூடி இருக்கும். அது கிளிப்பில் மட்டும்தான் நிற்கிறது. ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து நேராக உங்களை நோக்கி இழுத்தால் வந்துவிடும். அதற்குள் கண்ணாடியைப் பிடித்திருக்கும் நட்டுகள் தெரியும். ‘இதைக் கழற்றினால் முடிந்ததே, டோர் பேனலை ஏன் பிரிக்க வேண்டும்’ என்று தோன்றும். வயரின் கனெக்டர் கதவுக்குள், கை எட்டாத இடத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் பேனலை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை, பிரிக்கிறோம்.

பேனலின் திருகுகள் எப்போதும் ஒளிந்தே இருக்கும். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடிக்குக் கீழே, கதவைத் திறக்கும் நெம்புகோலைச் சுற்றிய சட்டத்துக்குப் பின்னால், ஜன்னல் சுவிட்சுப் பலகைக்கு அடியில், பேனலின் கீழ் விளிம்பில் என்று ஒவ்வொரு இடமாக விரலால் தடவிப் பாருங்கள். பேனல் ஒரு மூலையில் மட்டும் வர மறுத்தால் அங்கே ஒரு திருகு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் பேனல்தான் கிழியும். திருகுகள் எல்லாம் வந்தபின், கீழ் விளிம்பிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே மேலே வாருங்கள். கடைசியில் முழுப் பேனலையும் நேராக மேல்நோக்கித் தூக்கினால் ஜன்னல் விளிம்பிலிருந்து கழன்று வரும்.

உடனே தூக்கிக்கொண்டு நகராதீர்கள். பின்புறம் சுவிட்ச் கனெக்டர்களும், கதவு திறக்கும் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பேனலைச் சாய்த்து வைத்தால் அவற்றை நிதானமாகக் கழற்றலாம். கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேனலுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு ஷீட் இருக்கும். ஜன்னல் வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். முழுவதும் பிய்க்க வேண்டாம். கண்ணாடி கனெக்டர் இருக்கும் மூலையை மட்டும் மெதுவாக உரித்து, பசைப் பக்கம் தூசி படாமல் மடக்கி டேப்பால் நிறுத்தி வையுங்கள். திரும்ப ஒட்டும்போது ஒரு இடைவெளி விட்டாலும் அடுத்த மழைக்குக் கால்மிதி நனையும்.

மாட்டும் முன் ஒரு சோதனை

பழைய கண்ணாடியின் கனெக்டரை விடுவித்ததும், நட்டு எதையும் தொடாமல், புதிய கண்ணாடியை அந்த கனெக்டரில் செருகிப் பாருங்கள். கதவுக்கு வெளியே ஒருவர் அதைத் துணியில் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். எனக்கு என் தம்பி பிடித்துக்கொண்டான். கழற்றிய மற்ற கனெக்டர்கள் எல்லாவற்றையும் திரும்பச் செருகிவிட்டு, அதற்குப் பிறகு பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பிச் சோதியுங்கள். நான்கு திசையிலும் அசைகிறதா? மேலே அழுத்தினால் மேலேதான் போகிறதா? சூடேற்றும் பொத்தானைப் போட்டுச் சில நிமிடம் கழித்துக் கண்ணாடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? சிக்னல் எரிகிறதா? இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கண்ணாடி அசையவில்லை என்றால் முழுக் கதவையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

மேலும் கீழும் மாறி அசைந்தால் கண்ணாடி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இந்த மோட்டார்கள் மின்னோட்டத்தின் திசை மாறினால் எதிர்ப்பக்கம் சுழல்பவை. கனெக்டரில் வயர்களின் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கண்ணாடிகளின் வயரிங் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு சரிசெய்யலாம். வயரின் நிறத்தை மட்டும் நம்பி மாற்றாதீர்கள். ஒருவர் செய்த கண்ணாடியில் சிவப்பாக இருப்பது இன்னொருவர் செய்ததில் வேறு வேலை செய்யும்.

புதிய கண்ணாடியில் பார்க்கிங் விளக்கோடு எரியும் சின்ன விளக்கு கூடுதலாக இருந்தால், அதற்கு வண்டியின் உடலிலிருந்து தனியாக ஒரு வயரை, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாக இழுத்து வர வேண்டும். அது ஒரு முழு நாள் வேலை. நான் அன்றைக்கு அந்த வயரின் நுனியை இன்சுலேட் செய்து கட்டிவைத்துவிட்டேன். கண்ணாடியின் முக்கிய வேலைக்கு அது தேவையில்லை.

சோதனை முடிந்ததும் சாவியை எடுத்து, பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு மாட்டும் வேலைக்கு வாருங்கள். கதவின் வெளிப்பக்கம், பழைய கண்ணாடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நட்டுகளுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் துணியைத் திணித்துவிடுங்கள். ஒரு நட்டு கதவுக்குள் விழுந்துவிட்டால் அதைத் தேடுவதிலேயே மாலை போய்விடும். என் வண்டியில் 10 மில்லிமீட்டர் நட்டுகள் மூன்று. இரண்டைக் கழற்றிவிட்டு மூன்றாவதைத் தொடும் முன் வெளியே இருப்பவரிடம், ‘கெட்டியாப் பிடிச்சுக்கோ’ என்று சொல்லிவிடுங்கள். பிடிக்க ஆள் இல்லையென்றால் கண்ணாடி தன் வயரிலேயே தொங்கி, கதவின் பெயிண்ட்டில் இடிக்கும்.

பழையது வந்ததும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புதியதன் அடியில் இருக்கும் ஸ்பான்ஜ் கேஸ்கெட் சுருங்காமல், மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு இடத்தில் மடிந்திருந்தால்கூடப் பிறகு வேகத்தில் விசில் சத்தம் கேட்கும். முதலில் வயரை உள்ளே விட்டு, பிறகு ஸ்டட்டுகளை, அதாவது கண்ணாடியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட கம்பிகளை, துளைக்குள் நேராக நுழைத்து, மூன்று நட்டையும் கையாலேயே சில சுற்று போடுங்கள். அதன்பின் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்குங்கள். இவை சின்ன நட்டுகள், 9 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். ஸ்டட் பிளாஸ்டிக் அடிப்பகுதிக்குள் பதிந்திருப்பதால், மிகையாக இறுக்கினால் உள்ளே சுழன்றுவிடும், கண்ணாடியே வீண்.

வயர் ஜன்னல் கண்ணாடி இறங்கும் பாதையில் வராதபடி பழைய கொக்கியிலேயே மாட்டுங்கள். ஷீட்டை அழுத்தி ஒட்டுங்கள். பேனலை மேல் விளிம்பில் தொங்கவிட்டு, கேபிள், கனெக்டர்களை மாட்டி, கிளிப்புகளைத் தட்டி உட்காரவைத்து, திருகுகளைப் போட்டு முடியுங்கள். பேட்டரியை இணைத்ததும் கதவைச் சாத்துவதற்கு முன்பே உள் கைப்பிடி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் கதவுக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, இரண்டாவது கதவு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

கோணம் வைப்பது

என்னைக் கேட்டால், உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டுப் பழைய கோணத்திலேயே வைத்து ஓட்டுபவர்களைச் சாலையில் பார்க்கிறேன். அவர்கள் பார்ப்பது டிரெய்லரின் சுவரை மட்டும்தான்.

சமதளமான காலியிடத்தில் டிரெய்லரைக் கோத்து, வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி கொஞ்ச தூரம் முன்னால் ஓட்டி நிறுத்துங்கள். முதலில் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் வையுங்கள். இருக்கை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் கோணம் மாறும். கண்ணாடிகளை வெளியே இழுத்து நீட்டுங்கள். மேல் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் உள் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையாக மட்டும் தெரிய வேண்டும். மீதி முழுவதும் சாலை. அடிவானம் நடுவில் இருக்கட்டும். சுவரை முழுவதும் விலக்கிவிடாதீர்கள், டிரெய்லர் ஆடுகிறதா என்று அந்தப் பட்டையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் குறைந்தது 200 அடி, அதாவது 61 மீட்டர் பின்னால் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. டிரெய்லரின் பின்முனையிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஒருவரை நிற்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.

கீழே இருக்கும் குவி ஆடியைத் தாழ்த்தி, டிரெய்லரின் சக்கரமும் அதன் பக்கத்துத் தரையும் தெரியும்படி வையுங்கள். பல மாடல்களில் இதை விரலால் அழுத்தித்தான் திருப்ப வேண்டும். திருப்பங்களில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதன் சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறுகிறதா என்று காட்டுவது இந்தச் சின்ன ஆடிதான்.

அப்புறம் நடந்து பார்க்கும் சோதனை. என் மனைவியை டிரெய்லருக்கு வெகு பின்னால், பக்கத்து லேன் இருக்கும் இடத்தில் நிற்கச் சொல்லி, மெதுவாக முன்னோக்கி நடந்து வரச் சொன்னேன். முதலில் மேல் கண்ணாடியில் தெரிந்தாள். அதன் ஓரத்தைத் தாண்டுவதற்கு முன்பே குவி ஆடியில் வந்துவிட வேண்டும், அதிலிருந்து மறைவதற்கு முன்பே கடைக்கண்ணில் தெரிய வேண்டும். முதல் தடவை, டிரெய்லரின் முன்முனைக்குப் பக்கத்தில் நான்கு அடி தூரத்துக்கு அவள் எதிலுமே இல்லை. குவி ஆடியை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பியதும் அந்த இடைவெளி மறைந்தது. இரண்டு பக்கமும் இப்படியே செய்யுங்கள். தனியாக உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த இடைவெளி கண்ணுக்குப் படாது.

சாலைக்கு வந்ததும், லேன் மாற இடம் இருக்கிறதா என்று குவி ஆடியில் பாருங்கள், வருகிறவர் எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று மேல் கண்ணாடியில் பாருங்கள். குவி ஆடியை மட்டும் நம்பி தூரத்தைக் கணிக்காதீர்கள். பின்னோக்கி ஓட்டும்போதும் இந்தக் கண்ணாடிகள் கைகொடுக்கும். எந்தப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வருகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டிரெய்லர் நேராகும்.

கண்ணாடியை நீட்டினால் வண்டியின் அகலம் கூடுகிறது என்பதை முதல் சில நாள் நினைவில் வைத்திருங்கள். கராஜ் கதவின் அகலத்தை ஒரு முறை அளந்துவிடுங்கள். டிரெய்லர் இல்லாதபோது உள்ளே தள்ளி வையுங்கள், கார் வாஷுக்கு முன் மடக்கிவிடுங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் முக்கோண மூடியை மட்டும் எடுத்து மூன்று நட்டையும் ஒரு முறை சரிபாருங்கள். என்னுடையதில் ஒன்று கால் சுற்று இறங்கியது. கேஸ்கெட் அழுந்தி உட்காருவதால் அப்படி ஆகும்.

பழைய கண்ணாடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றின் நட்டுகளை அதே ஸ்டட்டில் போட்டு, துணியில் சுற்றி, எது இடம் எது வலம் என்று எழுதி எடுத்து வையுங்கள். டிரெய்லர் இழுக்காதவர் வண்டியை வாங்கினால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.